‘வெளிப்படையானவர்’ என்பது பாராட்டா, குறையா?

கரும்பலகை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் ஓர் ஆய்வுப் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அவருக்காக நான் எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தில், ‘இவர் வெளிப்படையானவர், தம் கருத்தை யாரிடத்தும் வெளிப்படையாகவே சொல்லக்கூடியவர்’ என்று ஒரு வரி இருந்தது. மனதாரப் பாராட்டியே அதை எழுதினேன். ஆனால் தேர்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, ‘அவர் எடுத்தெறிந்து பேசுகிறவரா, மற்றவர்களோடு ஒத்துப்போவாரா?’ என்று கேட்டார். நான் எழுதிய வரியை அவர் ஒரு நாசூக்கான எச்சரிக்கையாகப் படித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் சொல்ல நினைத்தது வேறு. இந்த மாணவர் தம் ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு நாள் இருந்தபோது, தாம் எடுத்த அளவீடு ஒன்றில் பிழை இருப்பதைக் கண்டு, யாரும் கண்டுபிடித்திருக்க முடியாத நிலையிலும் தாமாகவே வந்து சொன்னார். இன்னொரு முறை, நான் வகுப்பில் கூறிய விளக்கம் தவறு என்பதை, வகுப்பு முடிந்த பின் என் அறைக்கு வந்து, தயங்காமலும் மரியாதை குறையாமலும் எடுத்துரைத்தார். உண்மை, ஒளிக்காமை, பிறர்மேல் அக்கறை ஆகிய மூன்றும் சேர்ந்த இந்தப் பண்பைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் உண்டா? ‘வெளிப்படை’ அந்தச் சொல் இல்லையென்றால், அது உண்மையில் எதைத்தான் குறிக்கிறது? கடிதத்தை மாற்றி எழுதித் தர எனக்குச் சில நாள் அவகாசம் கிடைத்திருக்கிறது.

இடைவெளி எழுதியது:

‘நேர்மையானவர்’ என்று எழுதிவிட்டால் போதுமே, ஐயா.

கரும்பலகை எழுதியது:

அதை முதலில் எழுதி அடித்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன். நேர்மையானவர் என்றால் பணத்தைத் தொடமாட்டார், சொன்ன சொல் தவறமாட்டார் என்றெல்லாம் பொருள்படும். ஆனால் நேர்மையானவர்கள் பலர் வாயே திறப்பதில்லை. பிறர் தவற்றைக் கண்டும் பேசாமல் இருந்துவிட்டுப் போகிற நேர்மையாளர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

மெய்ப்புத் திருத்துநர் எழுதியது:

தொழில் காரணமாக இந்தச் சொல்லை நாள்தோறும் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தங்கள் வரியில் சிக்கலை உண்டாக்கியது ‘வெளிப்படை’ மட்டுமன்று; ‘வெளிப்படையாகவே’ என்பதன் ஈற்றில் வந்த ஏகாரமும்தான். ‘தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்’ என்று எழுதினால் அது பெருமை. ‘வெளிப்படையாகவே மிரட்டினார்’, ‘வெளிப்படையாகவே பணம் கேட்டார்’ என்று எழுதினால், மறைக்க வேண்டியதைக் கூட மறைக்கக் கூசவில்லை என்ற பொருள் ஏறிவிடுகிறது. தேற்றத்துக்காக, அதாவது உறுதிப்படுத்திச் சொல்வதற்காகச் சேர்த்த ஓர் எழுத்து, வெட்கமின்மையைச் சுட்டும் எழுத்தாகி விடுகிறது. தங்கள் வரியில் ‘யாரிடத்தும்’ என்ற சொல்லும் அதற்குத் துணை போயிருக்கிறது. இடம் பொருள் பார்க்காதவர் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘வெளிப்படையான பொய்’ என்று நாம் தயங்காமல் எழுதுகிறோம். அதில் முரண்பாடு எதுவும் நமக்குத் தோன்றுவதில்லை. ‘உண்மையான பொய்’ என்றோ ‘நேர்மையான பொய்’ என்றோ எழுதினால் உடனே இடறுகிறது. ஆகவே வெளிப்படை என்ற சொல்லுக்குள் உண்மை என்ற கூறு அறவே இல்லை என்பது என் முடிவு. எது வெளியே தெரிகிறதோ அது வெளிப்படை. அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம், வசையாகவும் இருக்கலாம்.

இதன் அக்கம்பக்கத்துச் சொற்கள் இன்னும் மோசம். ‘அப்பட்டம்’ பெரும்பாலும் பொய்யோடும் விதிமீறலோடும்தான் கைகோத்து வருகிறது. ‘பட்டவர்த்தனம்’ என்றால் ஏதோ ஒன்று அம்பலமாகிவிட்ட தொனி. ‘பச்சையாக’ என்றால் கேட்கக் கூசுகிற பேச்சு. இவற்றில் எதையும் பரிந்துரைக் கடிதத்தில் வைக்க முடியாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மெய்ப்புத் திருத்துநர் வழக்கிலிருந்து கண்டறிந்ததை இலக்கணமும் உறுதிப்படுத்துகிறது. ‘வெளிப்படை’ முதலில் மனிதரின் குணத்துக்கு இட்ட பெயரன்று. சொல்லின் தன்மைக்கு இட்ட பெயர். தொல்காப்பியத்தின் உரியியல், ‘வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா’ என்கிறது; அதாவது பொருள் தானே விளங்கும் சொற்களை விளக்கிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. நன்னூலின் 269ஆம் நூற்பா இதை ஓர் இருமையாகவே வகுத்துவிடுகிறது. ஒன்றொழி பொதுச்சொல், விகாரம், தகுதி, ஆகுபெயர், அன்மொழி என்று தொடங்கும் பட்டியலில் உள்ளவை குறிப்பினால் பொருள் தருபவை. அவை அல்லாதன வெளிப்படை.

இதில் என்னைக் கவர்வது அந்தப் பட்டியலில் உள்ள ‘தகுதி’ என்ற சொல்தான். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்ற மூன்றும் தகுதி வழக்கு. ஒருவர் செத்தார் என்பதைத் துஞ்சினார் என்று சொல்வது மங்கலம். அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கும் சொல் குழூஉக்குறி. இவையெல்லாம் குறிப்பின் பக்கம் நிற்கின்றன. இவற்றுக்கு எதிர்ப்புறத்தில் நிற்பது வெளிப்படை. ஆகவே இலக்கண மரபில் வெளிப்படைக்கு எதிர்ச்சொல் பொய் அன்று, குறிப்பு. துஞ்சினார் என்றவர் பொய் சொல்லவில்லை. செத்தார் என்றவர் அவரைவிடக் கூடுதலாக உண்மை சொல்லிவிடவும் இல்லை. ஒரே உண்மையை ஒருவர் போர்த்திச் சொன்னார், மற்றவர் போர்த்தாமல் சொன்னார், அவ்வளவுதான்.

தங்கள் கடிதத்தைப் படித்த குழு உறுப்பினர் இந்த இலக்கணத்தை அறிந்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ‘வெளிப்படையாகப் பேசுபவர்’ என்றதும், தகுதி வழக்கைக் கைவிட்டுப் பேசுபவர், அதாவது அவையறியாமல் பேசுபவர் என்று அவருக்குத் தோன்றியது மொழியுணர்வுக்குப் புறம்பானதன்று.

வழக்குமொழி எழுதியது:

இவ்வளவு தொலைவு போக வேண்டுமா? பள்ளியிலேயே படித்திருக்கிறோமே: உள்ளத்தில் இருப்பது உண்மை, வாயில் இருப்பது வாய்மை, மெய்யாகிய உடம்பில் இருப்பது மெய்மை. கேட்கப்படும் பண்பு பேச்சைச் சார்ந்தது. எனவே ‘வாய்மை மிக்கவர்’ என்று எழுதலாம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அந்த விளக்கம் நினைவில் வைத்துக்கொள்ள அழகானது. ஆனால் முதற்சொல்லைப் பொறுத்தவரை சொற்பிறப்பு அதுவன்று. உண்மை என்பது ‘உள்’ என்னும் அடியில் பிறந்து ‘உள்ளதாம் தன்மை’, அதாவது இருத்தல் என்ற பொருளைத் தரும் சொல். அதனால்தான் பழைய நூல்களில் உண்மைக்கு எதிராக இன்மை நிற்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்வதால் பின்னர் அது மெய்ம்மைக்கு வந்தது.

வாய்மையில் வேறொரு சிக்கல் உள்ளது. வள்ளுவர் வாய்மை அதிகாரத்தைத் தொடங்கும்போதே, வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல் என்று வரையறுத்துவிடுகிறார். அடுத்த குறளில், குற்றமற்ற நன்மை பயக்குமானால் பொய்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். அவருடைய வாய்மை விளைவைப் பார்த்து அளக்கப்படுவது. உள்ளது உள்ளபடி வந்ததா என்பதை மட்டும் பார்ப்பதன்று. தம் அளவீட்டுப் பிழையைத் தாமே வந்து சொன்ன மாணவருக்கு, பொய்க்கும் இடம் தருகிற ஒரு சொல்லைச் சூட்டுவது பொருத்தமாகப் படவில்லை.

வழக்குமொழி எழுதியது:

அந்த இரண்டாவது குறளை இத்தனை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். ‘புரைதீர்ந்த நன்மை’ என்ற நிபந்தனை மிகக் கடுமையானது. அதை நிறைவேற்றும் பொய் அரிதினும் அரிது. மேலும் அடுத்த குறளே, தன் நெஞ்சறிந்த ஒன்றைப் பொய்க்க வேண்டா, பொய்த்தால் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்று வருகிறது. ஆனாலும் பரிந்துரைக் கடிதத்தில் ‘வாய்மை மிக்கவர்’ என்று எழுதினால் பட்டயத்தில் பொறித்தது போல் இருக்கும் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பரிந்துரையை விலக்கிக்கொள்கிறேன்.

அயல்மொழியர் எழுதியது:

மொழிபெயர்ப்பில் இந்தப் பண்பைக் குறிக்கும் சொற்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறேன். என் அனுபவத்தில் இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, தமிழ் இந்தப் பண்பைப் பெரும்பாலும் எதிர்மறையில்தான் சொல்கிறது. ஒளிவுமறைவின்மை, கள்ளங்கபடமின்மை, சூதுவாதறியாமை, பொய்யாமை என்று வரிசையாகப் பாருங்கள். ஒளிவுமறைவு என்ற இணைமொழியை இல்லை என்ற சொல் இல்லாமல் நான் எங்கும் கண்ட நினைவில்லை. குற்றத்தைச் சொல்லி, அது இல்லை என்று சொல்வதே நம் வழக்கமாக இருக்கிறது. இந்த எதிர்மறைச் சொற்களிலும் பாதி, பேச்சின் துணிவைச் சொல்லாமல் மனத்தின் வெகுளித்தனத்தைச் சொல்லிவிடுகின்றன. சூதுவாது அறியாதவர் என்றால் ஏமாளி என்றுதான் குழு படிக்கும். (வெகுளி என்ற சொல்லே குறளில் சினத்தைக் குறிக்க, இன்று சூதறியாதவரைக் குறிக்கிறது. வாய்மைக்கு அடுத்த அதிகாரமே வெகுளாமைதான் என்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருகிறது.)

இரண்டாவது, ‘திறந்த மனம்’ என்பதையும் ‘மனம் திறந்து’ என்பதையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். திறந்த மனத்தோடு ஒருவர் கேட்பார். மனம் திறந்து ஒருவர் பேசுவார். முன்னதில் கதவு உள்ளே வருவதற்காகத் திறந்திருக்கிறது, பின்னதில் வெளியே போவதற்காக. தங்கள் மாணவர் பேசியதைத்தானே சொல்ல வேண்டும். ஆகவே ‘மனம் திறந்து பேசுபவர்’ என்பது ‘வெளிப்படையானவர்’ என்பதைவிட ஒரு படி மேல். ஆனால் அதில் அந்தரங்கம் பகிரும் சாயல் இருக்கிறது. தம் துயரத்தை ஒருவர் மனம் திறந்து சொல்லலாம். அளவீட்டுப் பிழையை மனம் திறந்து சொன்னார் என்றால் ஏதோ பாவமன்னிப்புக் கேட்டது போல ஆகிவிடும்.

இடைவெளி எழுதியது:

ஒரு சொல் கிடைக்காததற்குக் காரணம் மிக எளிது. தமிழ் மரபு குறிப்பாகச் சொல்வதையே உயர்வாக மதித்தது. உள்ளுறை, இறைச்சி என்று மறைத்துச் சொல்லும் கலைக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மொழி, முகத்துக்கு நேரே சொல்வதற்குப் பெயர் வைக்கவில்லை. அந்தப் பண்பே நமக்கு இறக்குமதி.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இதை நான் உறுதியாக மறுக்கிறேன். உள்ளுறையும் இறைச்சியும் அகப்பாட்டின் உத்திகள். புறப்பாட்டுக்கு வந்தால், அரசன் முகத்துக்கு நேரே சொன்ன புலவர்களைக் காணலாம். அதற்குச் செவியறிவுறூஉ என்று ஒரு துறைப் பெயரே உண்டு. அறிவுடை நம்பியிடம் வரி கொள்ளும் முறையைப் பற்றிப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றின் 184ஆம் பாட்டு அந்தத் துறையைச் சேர்ந்ததுதான்.

அதைவிடக் கடுமையானது 44ஆம் பாட்டு. நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டிருக்க, உள்ளே கதவை அடைத்துக்கொண்டு கிடந்த நெடுங்கிள்ளியிடம் கோவூர்கிழார் பேசுகிறார். யானைகள் உணவின்றி வருந்துகின்றன, குழந்தைகள் பாலின்றி அலறுகின்றன, மகளிர் தலையில் பூ இல்லை என்று முதலில் நிலைமையை உள்ளபடி சொல்கிறார். பின்னர், நீ அறம் உடையவன் என்றால் ‘நினது’ என்று சொல்லிக் கதவைத் திற, மறம் உடையவன் என்றால் போரிடத் திற, இரண்டும் இல்லாமல் மதிலுக்குள் ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது என்கிறார். அடைபட்ட நகரத்துக்குள், ஆயுதம் ஏந்திய மன்னனிடம் சொன்ன சொற்கள் இவை. இந்தப் பண்பு இறக்குமதி என்றால் எங்கிருந்து, எப்போது இறக்குமதி ஆனது?

அதே நூலின் 95ஆம் பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று அழகாக இருக்கின்றன என்று ஔவையார் புகழ்கிறார். எம் தலைவன் அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். சொல் முழுவதும் புகழ்ச்சி, பொருள் முழுவதும் எச்சரிக்கை. கோவூர்கிழார் வெளிப்படையாகச் சொன்னார், ஔவையார் குறிப்பாகச் சொன்னார். இருவரும் ஒளிக்காமல் உண்மையைத்தான் சொன்னார்கள். கரும்பலகை அவர்கள் தேடும் பண்பு இந்த இருவரிடமும் இருந்தது. வெளிப்படை ஒருவரிடம் மட்டுமே இருந்தது. இந்தச் சொல் அந்தப் பண்பின் பெயராக முடியாது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தோன்றவில்லை.

இடைவெளி எழுதியது:

44ஆம் பாட்டை நான் மறந்துவிட்டேன். இறக்குமதி என்று சொன்னது தவறுதான். ஆனால் செவியறிவுறூஉ அரசனுக்குச் சொல்வது. தோழனுக்கும் மேலாளருக்கும் சொல்வதற்கு அது ஆகாதே?

வழக்குமொழி எழுதியது:

தோழனுக்குச் சொல்வதற்குத்தான் ‘இடித்துரைத்தல்’ இருக்கிறது. சிரித்து மகிழ்வதற்காக அன்று, நண்பன் நெறி கடக்கும்போது முற்பட்டு இடித்துச் சொல்வதற்காகவே நட்பு என்கிறது 784ஆம் குறள். பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் ‘இடிக்கும் துணையார்’ என்றே ஒரு தொடர் வருகிறது. அக்கறை என்ற கூறு இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பகைவனை யாரும் இடித்துரைப்பதில்லை, சாடுவார்கள் அல்லது தாக்குவார்கள்.

மெய்ப்புத் திருத்துநர் எழுதியது:

சொல் நல்லதுதான், ஆனால் இடித்துரைப்பவர் வயதிலோ அறிவிலோ ஒத்தவராக அல்லது மூத்தவராக இருக்க வேண்டும் என்பது இன்றைய வழக்கு. மாணவர் ஆசிரியரை இடித்துரைத்தார் என்று எழுதினால் குழுவிலிருந்து இரண்டாவது தொலைபேசி அழைப்பு வரும். தவிர, தம் பிழையைத் தாமே சொன்னதை அது தொடவே இல்லை.

அரசு அலுவலகத் தமிழில் புழங்கும் ‘வெளிப்படைத்தன்மை’ பற்றியும் யாரேனும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தப்புள்ளிகளுக்கான 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைப் பற்றியும், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றியும் எழுதும்போதெல்லாம் இந்தச் சொல் வந்துவிடுகிறது. அங்கே அது பொருத்தமாகவே இருக்கிறது. ஏனெனில் அலுவலகத்தின் கோப்பு வெளியே தெரிய வேண்டும் என்பதுதான் அங்கு வேண்டுகோள், அலுவலகம் அன்போடு பேச வேண்டும் என்பதன்று. மனிதரைப் பற்றி ‘வெளிப்படைத்தன்மை கொண்டவர்’ என்று எழுதினால் அவரை ஓர் அலுவலகமாக்கிவிட்ட மாதிரி இருக்கும்.

அயல்மொழியர் எழுதியது:

குறளிலேயே இன்னும் ஒன்று இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை என்பதால் நான் எடுக்கிறேன். நடுவுநிலைமை அதிகாரத்தின் 119ஆம் குறள்: ‘சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்.’ சொல்லில் வளைவு இல்லாதது செப்பம், ஆனால் உள்ளத்திலும் வளைவு இல்லை என்பது உறுதியானால் மட்டுமே. இங்கே நாம் இத்தனை நேரம் பேசிய இரண்டு கூறுகளும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. உள்ளே கோணலை வைத்துக்கொண்டு வெளியே நேராகப் பேசுகிறவர், அதாவது வெளிப்படையாகப் பேசும் வஞ்சகர், இந்த வரையறைக்குள் நுழையவே முடியாது. வெளிப்படையான பொய் உண்டு. செப்பமான பொய் என்று ஒன்று, இந்தப் பொருளில், இருக்க முடியாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மிக நன்று. அந்தக் குறள் எனக்கு நினைவுக்கு வராமல் போனதற்கு வெட்கப்படுகிறேன். அதிகாரம் நடுவுநிலைமை என்பதால், அங்கே பேசப்படுவது முதன்மையாக ஒரு பக்கம் சாயாமை என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன். ஆயினும் ‘கோட்டம்’ என்ற உருவகம் சாய்தலை மட்டும் அல்லாமல் வளைத்துப் பேசுவதையும் தாங்கக்கூடியது.

மெய்ப்புத் திருத்துநர் எழுதியது:

குறளுக்குப் பொருந்தும், கடிதத்துக்குப் பொருந்தாது. இன்று செப்பம் என்றால் திருத்தம், ஒழுங்கு. சாலையைச் செப்பனிடுகிறார்கள், கட்டுரையைச் செப்பம் செய்கிறார்கள். ‘இவர் செப்பமானவர்’ என்று எழுதினால் கோப்புகளை அடுக்கி வைப்பதில் கெட்டிக்காரர் என்றுதான் படிப்பார்கள். குறள் எண்ணைப் போட்டு விளக்கினால், பரிந்துரைக் கடிதம் பட்டிமன்றத் தொடக்கவுரையாகிவிடும்.

கரும்பலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரே சொல்லைத் தேடியதே என் பிழை என்று இப்போது தோன்றுகிறது. 119ஆம் குறளே கூட ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, ‘பெறின்’ என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துத்தானே முடிகிறது. ஆகவே சொல்லை விட்டுவிட்டு, நடந்ததையே எழுதியிருக்கிறேன்:

‘தம் ஆய்வில் நேர்ந்த தவறை, வேறு யாரும் அறியாதபோதும், தாமாக முன்வந்து சொல்லக்கூடியவர். என் விளக்கத்தில் இருந்த ஒரு தவறையும் தனியே வந்து, காரணத்தோடும் பணிவோடும் எனக்கு எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது சரி என்பதால் அடுத்த வகுப்பில் அதைத் திருத்திக்கொண்டேன்.’

இதில் வெளிப்படையும் இல்லை, வாய்மையும் இல்லை. குழு உறுப்பினருக்கு இப்போதாவது ஐயம் எழாது என்று நம்புகிறேன்.

அயல்மொழியர் எழுதியது:

மூன்றாவது வாக்கியம் மாணவரைவிடத் தங்களைப் பற்றி நல்லதாகச் சொல்கிறதே என்று சிலர் குறை கூறலாம். நான் கூற மாட்டேன். அது இருக்கட்டும். அவர் சொன்னது சரியாக இருந்தது என்பதை அந்த வாக்கியம் மட்டுமே உறுதிசெய்கிறது.

மெய்ப்புத் திருத்துநர் எழுதியது:

வாக்கியம் நன்றாக இருக்கிறது. ஆனால் ‘தவறை’ என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. ‘தவற்றை’, ‘தவற்றையும்’ என்று வர வேண்டும். உயிர்த்தொடர்க் குற்றியலுகரம் வேற்றுமையில் றகர ஒற்று இரட்டும். கிணறு கிணற்றை என்றாவது போல. இந்த இழையில் தாங்களே முன்னர் ‘தவற்றை’ என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

கரும்பலகை எழுதியது:

இரண்டையும் திருத்திவிட்டேன். கடிதம் நாளை போகிறது.